என்னத்த வெட்டப் போறீங்க?

கொட்டாஞ்சேனைக்கு நான் குடிவந்த முதல் கிழமையே அந்த அக்கா ஒரு மனுஷனின் முதுகில் தேங்காய் திருவுகிற திருவலைப் பலகையால் போட்டதைக் கண்டேன். கீழே அவளுடைய கடை, மேலே எங்கள் வீடு. பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவள், படார் என்ற சத்தத்துக்குக் குனிந்து பார்த்தேன். வெள்ளை ஷேர்ட் போட்ட ஒருவன் ரோட்டில் முழங்கால் குத்திக் கிடந்தான். கடை வாசலில் இவள். நைட்டிக்கு மேலே தோளில் ஒரு துவாய், உச்சியில் முடிந்த கொண்டை, கையில் பலகை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாத உனக்கு என்னத்துக்கடா கத்தி?"

அவன் எழும்பிச் சிங்களத்தில் ஏதோ தூஷணம் சொன்னான். இவள் அதைவிடப் பெரிய தூஷணம் ஒன்றைச் சிங்களத்திலேயே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். அவன் ஓடியே விட்டான். "எந்த இடத்தில கொண்டுவந்து என்னை இருத்தியிருக்கிறீங்க?" என்று புருஷனிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "அவவிட்டக் கத்தி வாங்கப் போறவன் ஒழுங்காப் பதில் சொல்ல வேணும். வேற ஒண்டும் இல்ல" என்றார்.

அவள் கடையில் விற்றது கத்தி. மீன் வெட்டுகிற கத்தி, இறைச்சிக் கத்தி, பலாக்காய் பிளக்கிற மன்னாக் கத்தி, பக்கத்தில் திருவலை, அரிவாள்மணை. இரும்பு வெளியிலிருந்து வரும். பிடி போடுவதும், பிடியில் மூன்று வெட்டு அடையாளம் வைப்பதும், சாணைச் சக்கரத்தில் கூர் ஏற்றுவதும் அவள். யார் வந்து கத்தி கேட்டாலும் விலை சொல்ல முன்பு ஒரே கேள்விதான். "என்னத்த வெட்டப் போறீங்க?" பாரை மீன் என்று சொன்னால் கத்தி கிடைக்கும். பலாக்காய், கோழி, தென்னோலை, எதைச் சொன்னாலும் கிடைக்கும். மாளிகாவத்தையிலிருந்து ஒரு பிரியாணிக்கார நானா வருவார். "நாளைக்கி நிக்காஹ் சாப்பாடு தங்கச்சி, கிடாய் வெட்டணும்" என்பார். அவருக்கு இருப்பதில் நல்லதை எடுத்து, இன்னொரு தடவை தீட்டி, மேசையில் வைப்பாள். கையில் ஒருவருக்கும் கத்தி கொடுக்க மாட்டாள். மேசையில் வைத்தால் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"சும்மா வீட்டுக்கு" என்று சொன்னவன் தொலைந்தான். பதில் சொல்ல யோசித்தவனும், கத்தியின் கனத்தைக் கையில் பார்த்துக்கொண்டே பதில் சொன்னவனும் தொலைந்தார்கள். சரியான பதில் சொல்லியும் சிலரைத் துரத்தியிருக்கிறாள். அதுக்கு அவள் கணக்கு என்ன என்று கேட்டால், "மூஞ்சையப் பாத்தனான்" என்பாள். அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு இருந்தது. அதைப்பற்றி எங்கள் தெரு ஒழுங்கைக்குள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். புருஷன் வெட்டினது என்றார்கள். தகப்பன் வெட்டினது என்றார்கள். நான் ஒருநாள் நேரேயே கேட்டேன். "மீன் கடிச்சது" என்று சொல்லிவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். இரண்டு நாள் காது வலித்தது.

எனக்கே ஒருநாள் கத்தி தர மறுத்தாள். அன்றைக்கு என் மாமி, என்னைப் பெற்றவளையே இழுத்துக் கதைத்துவிட்டார். நான் கோழியைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வீட்டுக் கத்தி மொட்டை.

"அக்கா, ஒரு இறைச்சிக் கத்தி தாங்க."

"என்னத்த வெட்டப் போற?"

"கோழி."

"யார் மேல கோவம்?"

"ஒருத்தர் மேலயும் இல்ல. கோழி வெட்ட வேணும்."

"நாளைக்கு வா."

"நான் என்ன சும்மாவா கேக்கிறன்? காசு தாறன்தானே!"

அவள் கதிரையை விட்டு எழும்பி வந்தாள். என் பிடரியில் கையை வைத்து, அப்படியே திருப்பி, மாடிப்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். "மேல போய் முகத்தக் கழுவு. கோழிய நாளைக்குத் தின்னலாம்." ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைக் கொன்றிருப்பேன். அன்று இரவு வீட்டில் பருப்பும் சம்பலும்தான். அடுத்த நாள் காலையில் அவளே மேலே ஏறி வந்து, கத்தியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதல் நாள் அந்தக் கத்தி கிடைத்திருந்தால் நான் கோழியைத்தான் வெட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் யோசிப்பேன்.

இப்படிப்பட்டவளிடம் பாசம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதத்தில் நிற்கும்போது, ஒரு த்ரீவீல்காரன் பின்னால் எடுத்த வேகத்தில் என்னை இடித்துச் சாய்த்துவிட்டு, "கண் தெரியாதா, மாடு" என்று என்னையே ஏசினான். அவள் கடையிலிருந்து வந்ததை நான் காணவில்லை. காணும்போது அவனுடைய தலை அவனுடைய வண்டியின் கம்பிக்கும் அவளுடைய கைக்கும் நடுவில் இருந்தது. மூக்கால் இரத்தம் கொட்டியது. பிறகு அதே த்ரீவீலை அவனையே ஓட்ட வைத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க அவன் அழுதுகொண்டே வண்டி ஓட்டினான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள்.

ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த கொரோனாக் காலத்தில்தான் நான் ஆன்லைனில் நைட்டி விற்கத் தொடங்கினேன். பெரிய ஒரு இணையச் சந்தை. யாரும் பதிந்து கடை போடலாம். தைக்கிறது நான், படம் எடுக்கிறது நான், பார்சல் கட்டுகிறதும் நான். கீழே கத்திக் கடை பூட்டிக் கிடந்தது. அக்கா படியில் இருந்து போகிற வருகிற நாய்களோடெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. அவளுக்கும் ஒரு கடை பதிந்து கொடுத்தேன்.

ஆன்லைன் வந்தாலும் அவள் மாறவில்லை. ஓடர் வந்தால் வாங்குகிறவரின் பெயரும் நம்பரும் சேர்ந்து வரும். உடனே போன் எடுப்பாள். "கொட்டாஞ்சேனையில இருந்து கத்திக்காரி கதைக்கிறன். என்னத்த வெட்டப் போறீங்க?" சிங்கள ஆள் என்றால், "மொனவத கபன்னே?" கிருலப்பனையில் ஒரு மனுஷன் இதைக் கேட்டுப் பயந்துபோய் ஓடரைத் தானே கன்சல் பண்ணிவிட்டார். குரலைக் கேட்டுப் பிடிக்காவிட்டால் இவளே கன்சல் பண்ணுவாள். பண்ணும் முன் நல்ல ஏச்சும் கொடுப்பாள். அவளுடைய கடைப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "கத்தி தங்கம். அந்த மனுஷியோடு மட்டும் கதைக்க வேண்டாம்." நான் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

அப்போதுதான் அந்த அறிவித்தல் வந்தது. வருகிற மாதத்திலிருந்து இந்தச் சந்தையில் விற்கப்படுகிற எல்லாப் பொருளுக்கும் சட்டப்படி விற்பனையாளர் தாங்கள்தான் என்று சந்தையை நடத்துகிற கொம்பனி சொன்னது. இவ்வளவு நாளும் அவர்கள் சந்தை, நாங்கள் வியாபாரிகள். இனி அவர்களே வியாபாரி. நாங்கள் அவர்களுக்குச் சாமான் கொடுக்கிற ஆட்கள். பில் அவர்களுடைய பெயரில் போகும். வரி அவர்கள் கட்டுவார்கள். திருப்பி அனுப்புகிறதையும் முறைப்பாட்டையும் அவர்களே பார்ப்பார்கள். வாங்குகிறவரின் பெயரும் நம்பரும் இனி எங்களுக்கு வராது. சாமானை முன்கூட்டியே அவர்களுடைய ஸ்டோருக்கு அனுப்பிவிட வேண்டும்.

நான் துள்ளிக் குதித்தேன். பொய் சொல்லவில்லை. தெஹிவளையில் ஒரு மனுஷி பிள்ளை பெறும் வரைக்கும் என் நைட்டியை உடுத்துவிட்டு, பெற்ற பிறகு சாயம் போகுது என்று திருப்பி அனுப்பியிருந்தாள். இனி அந்தச் சனியன்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வரி, பத்திரம் என்று அலையவும் தேவையில்லை. நிம்மதி என்று நினைத்தேன். தீபாவளிக்கு என்னைக் கேட்காமலே என் நைட்டிக்குப் பாதி விலை போட்டார்கள். கேட்டதுக்கு, விற்பனையாளர்தான் விலையைத் தீர்மானிப்பார் என்றார்கள். வழமையாக என்னிடம் வாங்குகிற ஒரு டீச்சர் வெள்ளவத்தைச் சந்தையில் என்னைக் கண்டு, "நீங்க தைக்கிறத விட்டுட்டீங்களா? உங்கட பேரையே காணேல்ல" என்றா. அவ அப்போது உடுத்திருந்த நைட்டி நான் தைத்தது. ஆனாலும் நைட்டியால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. நான் விட்டுவிட்டேன்.

அக்கா விடவில்லை.

"இதில கன்சல் எங்க இருக்கு?" போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இல்ல அக்கா. விக்கிறது இனி அவங்க. அவங்க வித்தத நீங்க எப்பிடி மறுக்கிறது?"

"நம்பர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப ஆர் வாங்குறான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியத் தேவையில்ல எண்டுதான் சொல்லுறாங்க."

கொம்பனிக்குப் போன் எடுத்தாள். பதிவு பண்ணிய குரல் ஒன்று இனிமையாகக் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தாள். மறுபடியும் அதே குரல். இறைச்சி வெட்டுகிற கட்டையில் போனை வைத்தாள். நான் தடுக்கிறதுக்குள் மன்னாக் கத்தியின் முதுகால் ஓங்கிப் போட்டாள். கண்ணாடித் தூள் என் கன்னத்தில் தெறித்தது. அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் அடியில்தான் நின்றது.

விட்டுவிட்டு வரவும் அவளால் முடியவில்லை. கடைக்கு நேரே வருகிற ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்கள். எல்லாருக்கும் போனில் வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தாள். கொஞ்ச நாளாகக் கீழே சாணைச் சக்கரத்தின் சத்தம் இல்லையே என்று நான் இறங்கிப் பார்த்தேன். ஒரு பெட்டி நிறையக் கத்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து விரலால் தடவினேன். மொட்டை.

"ஏனக்கா தீட்டேல்ல?"

"மொட்டையாத்தான் அனுப்புறன். கூர் வேணும் எண்டால் இங்க வரட்டும். நான் பாத்துத் தீட்டிக் குடுக்கிறன்."

ஒவ்வொரு பிடியிலும் கடை விலாசத்தோடு ஒரு ஸ்டிக்கர். கத்தியைக் கொண்டு வாங்க, சும்மா தீட்டித் தாறன் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மறுக்கிற உரிமையைப் பறித்தார்கள். அவள் கூர்மையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். உலகத்தில் வேறு எந்த வியாபாரியும் இப்படி ஒரு வேலை பார்க்க மாட்டான்.

சனங்கள் வந்தார்கள்தான். வாசலில் நின்று பொரிந்து தள்ளிவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லி, கூர் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் நெடுத்த ஒருவன் வந்தான். என்னத்த வெட்டப் போறீங்க என்றதற்கு, "உங்களுக்கென்ன அது? சல்லி கட்டியாச்சு, தீட்டித் தாங்க" என்றான். அவள் கத்தியை வாங்கினாள். இடுக்கியில் இறுக்கினாள். சுத்தியலால் ஒரே அடி. அலகு இரண்டாக உடைந்து ஒரு துண்டு கூரையில் போய் அடித்தது. அவன் அவளுடைய வாயில் குத்தினான். அவள் உடைந்த பிடியால் அவன் தாடையில் இடித்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் பிரிக்கும்போது அவளுடைய பல்லெல்லாம் இரத்தம். அதோடு சிரித்தாள். "பாத்தியா பிள்ளை, இவன் ஆர் எண்டு? போன்ல பாத்தாத் தெரியுமா?" அவள் செய்தது சரி என்றும் பட்டது, பைத்தியம் என்றும் பட்டது.

பிறகு ஒருநாள் வெள்ளவத்தையில் என் சின்னம்மாவின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "உங்கட கீழ்வீட்டு அக்காட கத்தி வாங்கினனான். நல்ல ஓஃபர்" என்று கொண்டுவந்து காட்டினாள். மூன்று வெட்டு அடையாளம் இருந்தது. ஸ்டிக்கர் உரித்த பசை மட்டும் இருந்தது. கத்தியோடு ஒரே பெட்டிக்குள் ஒரு சாணைக்கல். இலவசம்.

கூர் இல்லை என்று முறைப்பாடு கூடிப்போக, கொம்பனி தானே வழி கண்டுபிடித்திருந்தது. வேறொரு ஆளிடம் கல் வாங்கி, அக்காவின் கத்தியோடு சேர்த்து விற்றது. விற்பனையாளர் அவர்கள்தானே, எதோடு எதைச் சேர்த்தாலும் யார் கேட்கிறது? நான் அக்காவுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் இருந்த கொம்பனியின் கிளைக்குப் போனாள். கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் கண்ணாடிக் கதவு போட்ட இடம். மேசைக்குப் பின்னால் டை கட்டிய ஒரு தமிழ் ஆள்.

"என்ட கத்தியெல்லாத்தையும் திருப்பித் தா."

"அன்ட்டி, அது இப்ப எங்கட விற்பனையில இருக்கிற சாமான். எடுக்கிறது எண்டால் விண்ணப்பிக்க வேணும். பரிசீலிப்பாங்க. உண்மையில உங்களுக்கு நல்லதுதான் அன்ட்டி. கல்லு சேர்த்த பிறகு உங்கட கத்தி பிச்சுக்கொண்டு போகுது."

"ஆருக்குப் போகுது?"

"அது சொல்ல ஏலாது."

"நீ கேட்டியா? என்னத்த வெட்டப் போறாங்கள் எண்டு ஒருத்தனையாவது கேட்டியா?"

"அன்ட்டி, நாங்க கேக்கிறேல்ல. சிஸ்டம் விக்குது. ஒண்டு நடந்தாலும் உங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்ல. நீங்க விற்பனையாளரே இல்லையே. பேசாம வீட்ட போய் நிம்மதியா இருங்க."

அந்த டையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்ததைக் கண்டேன். அவனுடைய முகம் மேசையில் மோதியது. மோதி எழும்பியது. மறுபடியும் மோதியது. அவனுடைய கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறிவிட்டது. காவலாளி அவளுடைய இடுப்பைப் பிடித்து இழுக்க, அவள் டையை விடவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தொங்கினேன். மூன்று பேரும் மல்லாக்க விழுந்தோம். "அவனைக் கேளுங்கோ! ஆருக்கு வித்தவன் எண்டு கேளுங்கோ!" என்று நிலத்தில் கிடந்தபடி கத்தினாள். சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அவளுக்காக ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொம்பனி அவளைத் தடை செய்தது. அவளுடைய கத்திகளைத் தடை செய்யவில்லை. ஸ்டோரில் கிடந்தது முடியும் வரைக்கும் விற்கும் என்றார்கள். அவள் என் போனை வாங்கி ஒவ்வொரு நாளும் பார்ப்பாள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு என்று எனக்குச் சொல்லுவாள். சாப்பிடவில்லை. கடை வாசலில் யாராவது சிரித்தாலும் எரிந்து விழுந்தாள். அந்த நாட்களில் எனக்கு அவளிடம் போகவே பயமாக இருந்தது.

பயந்தது நடந்தது. ஹெந்தளையில் ஒருவன் பெண்சாதியை வெட்டிவிட்டான் என்று போனில் செய்தி ஓடியது. இரத்தத்தோடு ஒரு கத்தியின் படம். நான் முதலில் கவனிக்கவில்லை. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பிடியைக் காட்டினாள். மூன்று வெட்டு.

சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. முகம் கழுவி, நல்ல சீலை உடுத்துக்கொண்டு ஹெந்தளைப் பக்கத்துப் பொலிசுக்கு வெளிக்கிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். மேசையில் இருந்த பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், அந்தக் கத்தியை விற்றது நான்தான், என்னை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் நிதானமான மனுஷன். கத்தி வந்த பெட்டியும் பில்லும் கிடைத்துவிட்டது என்றார். போனில் அந்தப் பில்லின் படத்தை எங்களுக்குக் காட்டினார். விற்பனையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர். வேறு ஒரு பெயரும் இல்லை.

"அம்மே, ஒயா நெமெய் விக்கே."

விற்றது நீங்கள் இல்லை அம்மா என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அந்த மேசையில் தன் நெற்றியை ஓங்கி அடித்தாள். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. "நான்தான்! என்ட கத்தி! நான்தான்!" இரண்டு பெண் பொலிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே விட்டார்கள். நெற்றி புடைத்துவிட்டது. "வா, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். காயத்துக்கு மருந்து கட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

வெட்டுப்பட்ட அந்தப் பெண்பிள்ளை கிடந்த வார்டைத் தேடிப் பிடித்தாள். சின்ன வயது. கழுத்திலும் இரண்டு கையிலும் கட்டு. பக்கத்தில் தாய். மலைநாட்டுப் பக்கம் இருந்து பஸ் ஏறி வந்த மனுஷி, கையில் இருந்த பையைக் கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"யாருங்க நீங்க?"

"கத்தி வித்தவள்."

தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் பையாலேயே முகத்தில் அடித்தாள். பிறகு கையால். "நீயாடி வித்த? என் புள்ளைய வெட்ட நீயாடி வித்த?" கன்னத்தில், காதில், நெஞ்சில், புடைத்துக் கிடந்த நெற்றியில் அடித்தாள். கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். ஒரு தூஷணத்துக்கே ஒருவனை ரோட்டில் உருட்டுகிற அக்கா, கையைக் கூடத் தூக்காமல் நின்றாள். நான் நடுவில் புகுந்தேன். அக்கா என்னைத்தான் தள்ளிவிட்டாள். "நீ விலகு. அவ அடிக்கட்டும்." நேர்ஸ்மார் வந்து தாயை வெளியே கொண்டுபோகும் வரைக்கும் அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கட்டிலில் கிடந்த பிள்ளை கண்ணால் கூப்பிட்டாள். அக்கா குனிந்தாள். நானும் குனிந்தேன். கழுத்துக் கட்டோடு அவளால் பெரிதாகக் கதைக்க முடியவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லிராதீங்க. ஓடர் போட்டது அவரில்ல. நான்."

அக்கா இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"அவருக்குன்னுதான் வாங்கினேன். அவரு வேலைக்குப் போனதும் அந்தக் கல்லுல தீட்டித் தீட்டி மெத்தைக்கு அடியில வச்சேன். அவரு கண்டுட்டாரு."

"ஒருத்தரும் உன்னைக் கேக்கேல்லயா? என்னத்துக்கு எண்டு?"

"யாரு கேப்பா? பட்டன அமத்துனா வருது."

நேர்ஸ் எங்களைப் போகச் சொன்னாள். த்ரீவீலில் ஏறினோம். அவளுடைய உதடு கிழிந்திருந்தது. துடைக்கவும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது என்று சொன்னேனே. கேட்டுவிட்டேன்.

"அக்கா, முந்தின மாதிரி நீங்க போன் எடுத்திருந்தா, அந்தப் பிள்ளையும் மீன் வெட்ட எண்டுதானே சொல்லியிருக்கும்? நீங்களும் குடுத்திருப்பீங்கதானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"குடுத்திருக்க மாட்டன்" என்றாள். "அந்தக் குரலைக் கேட்டிருந்தால் வீடு எங்க எண்டு கேட்டிருப்பன். போய், அவளைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து என்ட கடையில வச்சிருப்பன்."

சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே அறைந்தாள். இன்னொன்று. இன்னொன்று. த்ரீவீல்காரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் அவளுடைய கையை என் இரண்டு கையாலும் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை.